தண்ணீர் குடித்த படகு

கயிறு தோளில் பதிந்து எரிந்தது. படகு நகரவில்லை. ஆறு பேர் இழுத்துப் பார்த்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். பீடியை மணலில் குத்தி அணைத்துவிட்டு இன்னொருவரும் வந்து கயிற்றைப் பிடித்தார். பின்னாலிருந்து ஓர் அலை வந்து தள்ளிய பிறகுதான் அது மணலைச் சீய்த்துக்கொண்டு மேலே ஏறியது.

“இன்னா பாலகுரண்ணா, உள்ள யாரையாவது ஒளிச்சி வெச்சிகினு வர்றியா?” என்றான் கார்த்தி. எல்லாருடைய படகையும் இழுக்க வருகிறவன் அவன். எல்லாரையும் கிண்டல் செய்யும் உரிமையும் அதனால் அவனுக்கு உண்டு.

“மீனுதாண்டா,” என்றான் பாலகுரு.

“அந்தக் கூடையில கீறதா? பூனைக்கு வெச்சதுன்னு நெனச்சேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். படகின் மூக்குப் பக்கம் குனிந்து பிளாஸ்டிக் மக்கால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த ஏகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் பாலகுருவின் மச்சான், மனைவி அங்காளம்மாவின் தம்பி.

போன வருடம், 2007இல், கோட்டிவாக்கத்துக்காரர் ஒருவரிடம் அந்தப் பழைய ஃபைபர் படகை வாங்கி வந்தபோது, இழுக்க ஆறு பேரே தாராளமாகப் போதுமாக இருந்தது. விற்றவர் சந்தோஷமாகக் கையசைத்து வழியனுப்பினார். நல்ல மனுஷன் என்று பாலகுரு அப்போது நினைத்துக்கொண்டான்.

அதற்கு முன்னால் இருந்தது கட்டுமரம். பாலகுருவுக்கும் அங்காளம்மாவுக்கும் கல்யாணமான அடுத்த வாரமே ஏகநாதன் அவனோடு கட்டுமரம் ஏறினான். அன்றிலிருந்து இருவரும்தான். கடலில் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. ஒருவன் வலையைத் தொட்டால் மற்றவன் துடுப்பைத் திருப்புவான். அலை மரத்தின் மேல் ஏறும், இடுக்கு வழியாக இறங்கிப் போகும். கால் எப்போதும் ஈரம். சோற்றுத் தூக்கைக் கழியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். தண்ணீர் வருவதும் போவதும் அதன் பாடு. கரைக்கு வந்த பிறகுதான் வேலையும் பேச்சும். கயிற்றை அவிழ்த்து, தண்ணீர் குடித்த மரங்களைத் தனித்தனியாக மணலில் உருட்டிக் காயவைக்க வேண்டும். நனைந்த முடிச்சு லேசில் அவிழாது. பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். அந்த ஈரக் கயிற்றின் உப்பு இன்னமும் பாலகுருவின் நாக்கில் இருந்தது.

சுனாமி அன்று இருவரும் கடலில் இருந்தார்கள். ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்தவர்களைக் கரையோரச் சுழல் பிடித்தது. கட்டு அறுந்து மரங்கள் மூலைக்கொன்றாகப் போயின. நீந்திக் கரையேறியபோது மதியம். காலையிலிருந்து அதுவரை அங்காளம்மா ஒரு சவுக்கு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்த அரை நாளைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் கரையில் கூலி வேலை பார்த்த பிறகு வாங்கிய ஃபைபர் படகின் குறை முதல் நாளே தெரிந்துவிட்டது. தண்ணீர் வெளியேறும் ஓட்டைகள் பின்பக்கம் இருந்தன. தளமோ மூக்குப் பக்கம் சாய்ந்திருந்தது. கரையோர அலைகளைத் தாண்டும்போது உள்ளே விழுந்த தண்ணீர் முன்னால் ஓடிச் சேரும்; மூக்கு தாழும்; அடுத்த அலை சுலபமாக ஏறி வரும். ஒருவன் மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடல் தண்ணீரைக் கடலிலேயே மொண்டு ஊற்றுவது அவர்கள் செய்தறியாத வேலை. பொம்பளை சட்டி கழுவுகிற மாதிரி இருக்கிறது என்றான் ஏகநாதன்.

குப்பமே கூடி யோசித்தது. தளத்தில் ஓட்டை போட்டால் வந்த தண்ணீர் கீழே இறங்கிவிடும் என்று ஒருவர் சொன்னார். அதானே என்றார்கள் எல்லாரும். கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கார்த்தி டிரில் மிஷின் வாங்கி வந்தான். வரிசை பிசகாமல் ஓட்டை போட்டார்கள். மறுநாள் அலை ஏறியது. சுழித்துக்கொண்டு ஓட்டைகளில் இறங்கிப் போனது. ஏகநாதன் மக்கைத் தூக்கி எறிந்தான். தண்ணீர் எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டுமரத்துக்காரர்களுக்கு அப்படி ஒரு கேள்வியே கிடையாது.

கொஞ்ச நாளில் தண்ணீர் இறங்குவது நின்றது. படகை இழுக்க ஏழாவது ஆள் தேவைப்பட்டான். பிறகு எட்டு. அதற்குப் பிறகு மக்கும் திரும்பி வந்தது. படகு கனப்பதற்கு எல்லாரும் மணலைத் திட்டினார்கள்.

இன்று ஒன்பது பேர் இழுத்ததை அங்காளம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்லபாக்கத்துக்கும் அஸ்தினாபுரத்துக்கும் மீன் கொண்டுபோக அன்னக்கூடையோடு காத்திருந்தவள், ஆட்கள் கலைந்ததும் கிட்டே வந்தாள்.

“இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இதுல போவக் கூடாது.”

“இன்னாத்துக்கு?” என்றான் பாலகுரு.

“புருசனும் தம்பியும் ஒரே போட்டுல போயி அது முழுகிச்சின்னா, நான் யாரப் புடிச்சிகினு அழுவேன்? ஒருத்தர் போங்க. ஒருத்தர் கரையில இருங்க.”

“இது முழுகாதுன்னு சொல்லித்தான் வித்தான் அக்கா,” என்றான் ஏகநாதன்.

“அப்ப தண்ணிய ரொப்பிக் காட்டு. ரொம்பியும் மெதந்துச்சின்னா ரெண்டு பேரும் போங்க.”

அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பாலகுரு படகின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றான். மழைக்காலத்தில் காயாத மரம் இப்படித்தான் கனக்கும். இதுவும் தண்ணீர் குடித்திருக்கிறது. இதை எந்த முடிச்சைப் பிடித்து அவிழ்ப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்த வாரமே ஏகநாதன் மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிக்குக் கிளீனராகப் போனான். படகு சரியாகிற வரைக்கும்தான் என்றான். வேறு ஆள் பிடிக்கலாம்; கிடைப்பார்கள். எந்த ஆளுக்கும் துடுப்பைத் திருப்பு என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நினைக்கவே பாலகுருவுக்குச் சலிப்பாக இருந்தது.

படகு செய்த இடத்தைக் கோட்டிவாக்கத்துக்காரர் சொன்னார். அதுவும் மேடவாக்கம்தான். பழைய வயலில் ஒரு ஷெட். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. உள்ளே ஃபைபர் தொட்டிகள். உரிமையாளர் தட்சிணாமூர்த்தி பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலத்தில் பாதியை விற்று, மீதியில் தொட்டி செய்கிறவர்.

“போட்டா? சுனாமி சமயத்துல செஞ்சோம். அப்ப எல்லாரும் போட் போட்னு வந்து நின்னாங்க. எங்களுக்குத் தொட்டிதான் தெரியும். ஊத்தின தண்ணி வெளியே போகக்கூடாது. அதே பழக்கத்துல செஞ்சுட்டோம்.”

“தளம் ஏன் சார் மூக்குப் பக்கம் சாயுது?”

“சாயாதே. தரையில வெச்சு மட்டம் பார்த்துத்தான் போட்டோம்.”

சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார். பாதி குடித்த டம்ளர் தண்ணீரைச் சிமெண்டில் கவிழ்த்தார். தண்ணீர் நேராக வாசல் சாக்கடைக்கு ஓடியது. இருவரும் அது போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கழுவி விடறதுக்கு வாட்டம் வெச்சுக் கட்டின தரை,” என்றார். “எனக்கு இதுவரைக்கும் தோணலையே.”

கோபப்படத்தான் பாலகுரு வந்திருந்தான். கோபம் வரவில்லை. “தளத்துக்கு அடியில இன்னா சார் கீது?”

“ஃபோம். போட் ரொம்பினாலும் முழுகாம இருக்கறதுக்கு. அது மேல தண்ணி படாம நல்லா சீல் பண்ணியிருக்கோம். நீங்க தளத்துல ஓட்டை கீட்டை ஒண்ணும் போடலையே?”

பாலகுரு தொட்டிகளைப் பார்த்தான்.

“போட்டுடாதீங்க. அப்புறம் பேஜார்,” என்றார் தட்சிணாமூர்த்தி.

அவரே ஓர் ஆளையும் அறுக்கும் மிஷினையும் அனுப்பினார். தளத்தை அறுத்து எடுத்தார்கள். அடியில் மஞ்சள் ஃபோம் ஊறிக் கிடந்தது; மிதித்தால் கணுக்கால் வரை தண்ணீர் வந்தது. சாக்கு சாக்காக அள்ளி மணலில் பரப்பினார்கள். மரத்தைக் காயவைத்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றியது. வெயில் அடித்தது. ஃபோம் காயவில்லை, நாறியது.

“இன்னாண்ணா, ஊசிப்போன இட்லியா வாரி வந்துகீற?” என்றான் கார்த்தி.

ஃபோம் இல்லாத படகு லேசானது. ஆனால் அலை ஏறி நிரம்பினால் கல் மாதிரி முழுகிவிடும். அங்காளம்மா கேட்ட ஒன்று, நிரம்பினாலும் மிதப்பது, இப்போது சுத்தமாக இல்லை. சில நாள் பாலகுரு படகைச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

ஒருநாள் அவள் கூடையோடு இரண்டு காலி எண்ணெய்க் கேன்களையும் தூக்கி வந்தாள். மூடியை இறுக்கித் தண்ணீரில் போட்டுக் காலால் அமுக்கினாள். கேன் பக்கவாட்டில் நழுவித் துள்ளி மேலே வந்தது.

“இத்த ரொப்பு அடியில.”

அதற்குப் பிறகு தெருத்தெருவாக மீன் விற்றுக்கொண்டே காலிக் கேனும் கேட்டாள். சிட்லபாக்கத்தில் அபிதகுஜாம்பாள் மாமி அவளைப் பார்த்தாலே கேட்டைச் சாத்துகிறவள். ஒருநாள் மதில் மேலாகக் கேனை நீட்டினாள். “மீன் வேண்டாம்மா, வாடை ஒத்துக்காது. கேனை மட்டும் எடுத்துண்டு போ.” மெஸ்காரர் நான்கு கொடுத்தார். ஒரு வீட்டில் ஊறுகாய் டப்பாவைத் தந்தார்கள், அதையும் வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏகநாதன் வந்து கேன்களை வலைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினான். மேலே, இடுக்கு விட்டுப் பலகை அடித்தார்கள். பின்பக்கம் அடியில் ஒரு துளை, அதற்கு ஓர் அடைப்பான். கரையேறியதும் பிடுங்கிவிட்டால் உள்ளே இறங்கிய தண்ணீர் ஓடிவிடும்.

சரிபார்க்கும் நாளில் ஏகநாதன் லாரிக்கு லீவு போட்டான். இடுப்பளவு தண்ணீரில் நிறுத்திப் படகை வாளியால் நிரப்பினார்கள். விளிம்புவரை நிரம்பியும் தரை தட்டவில்லை. இறைத்துக் காலியாக்கிவிட்டு இருவரும் ஏறிக்கொண்டார்கள். முதல் அலை ஏறி உள்ளே விழுந்தது. பலகை இடுக்குகளில் இறங்கியது. மூக்கு நிமிர்ந்தே இருந்தது. காலுக்கு அடியில் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டு வருஷங்களாகிவிட்டன. பாலகுரு வலையை எடுக்கக் கையை நீட்டுவதற்குள் படகு தேவையான பக்கம் திரும்பியிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு காலைப்பொழுதுக்காகத்தான் இத்தனையும் என்று தோன்றியது.

திரும்பியபோது அங்காளம்மா கரையில் இருந்தாள். கூடை அவள் விட்ட இடத்தில் கவிழ்ந்து கிடந்தது. புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

“நாளைக்கு விடியறதுக்குள்ள வந்துடு மச்சான்,” என்றான் பாலகுரு.

“அக்கா இன்னா சொல்லுது?”

“நான் இன்னா சொல்லப் போறேன். மெதந்துச்சே. போங்க.” அவள் குரல் சாதாரணமாக இருந்தது. குனிந்து புடவையைப் பிழிந்தாள்.

அவள் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போகும்வரை ஏகநாதன் பொறுத்திருந்தான்.

“மாமா, நான் லாரியிலயே கீறேன்.”

“போட்தான் சரியாயிடுச்சே.”

“போட் சரியாயிடுச்சி. அக்கா காத்தாலேர்ந்து தண்ணியிலயே நின்னுகினு கீது. யாவாரத்துக்குப் போவல. நாம தெனம் போனா, தெனமும் இப்டித்தான் நிக்கும்.”

“சொல்லிப் பாக்கலாம்டா.”

“சொன்னா வூட்டுக்குள்ள நிக்கும்.”

பாலகுரு அடைப்பானைப் பிடுங்கினான். தண்ணீர் மணலில் ஓடி முடியும்வரை இருவரும் நின்றார்கள்.

மறுநாள் விடிவதற்கு முன் பாலகுரு, கோவளத்திலிருந்து வந்து குடியிருந்த ஏசுபாதத்தைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனான். காரப்பொடி மீனும் கொஞ்சம் சங்கராவும் கிடைத்தன. ஒன்பது மணிக்குக் கரையேறினார்கள். அங்காளம்மா மீனை எடுத்துக்கொண்டு சிட்லபாக்கம் போய், மதியத்துக்குள் விற்றுவிட்டுத் திரும்பினாள். ஏகநாதனின் லாரி மேடவாக்கத்தில் மூன்று நடை அடித்தது. சாயங்காலம் மழை தூறியது. வலையை உள்ளே எடுத்து வைத்தார்கள்.