சவரி அண்ணன் பார்க்காத கடைசி ரீல்கள்

சவரிமுத்து அண்ணன் இன்று காலை போய்விட்டார்...

அறுபதுகளில் நாகல் நகர் லாரி ஷெட்டில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். இதைப் படிப்பவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் ரெண்டு பேர் இருந்தால் அதிகம். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிறு மேட்னி எங்கள் ரெண்டு பேருக்கும் கட்டாயம். திங்கள் காலை முதல் மூட்டை இறங்குவதற்குள் அண்ணனின் தீர்ப்பு வந்துவிடும்.

"ராசா வேசம் போட்டவன் சுமார்தான்ப்பு. குதிர நல்லா நடிச்சிருக்கு."

"அந்தப் பொம்பள அம்புட்டு அழுகுது, மூஞ்சில பவுடர் கலையல. அதெல்லாம் ஒரு அழுகையா?"

பாட்டு வரும்போது பீடி பற்றவைக்க வெளியே போகத் தோன்றவில்லை என்றால் அந்தப் பாட்டு பாஸ். அவ்வளவுதான் அவர் கணக்கு.

ஆனால் சோகப் படம் எதையும் அவர் முழுசாகப் பார்த்ததில்லை. திரையில் யாராவது விடாமல் இருமினாலோ, கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் கூடினாலோ எழுந்துவிடுவார். "நீ பாத்துட்டு வா" என்று என் தோளைத் தட்டிவிட்டு வெளியே போய்க் கடலை வண்டி பக்கம் நின்றுகொள்வார்.

அவருடைய தங்கச்சி சின்ன வயதிலேயே மஞ்சள் காமாலையில் அவர் கண்ணெதிரே போனது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

படம் விட்டு நான் வந்ததும் ஒரே கேள்விதான். "என்னப்பு, பொழச்சுக்கிருச்சா?"

"பொழச்சுக்கிருச்சுண்ணே."

வேறு என்ன சொல்வது... அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? உடனே தெளிந்துவிடுவார். "அப்ப நல்ல படந்தான்" என்பார்.

ஒரு திங்கள்கிழமை மாட்டிக்கொண்டேன். அண்ணன் வழக்கம்போல ஒரு படத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார். அய்யலூர் லோடுமேன் கருப்பையா குறுக்கே விழுந்து, "அண்ணே, நானும் பாத்தேன். அந்தப் புள்ள செத்துல்ல போகுது?" என்றான்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவுக ஊரு டென்ட் கொட்டாய்ல ரீலு அறுந்துருக்கும்ணே" என்றேன் அவசரமாக.

"அதான..." அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "பொழச்ச ரீல விட்டுட்டு ஓட்டிருக்கான் பாரு, படுபாவி!"

கருப்பையா என்னைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். "ஆமாண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு எங்கள் ஷெட்டில் எந்தப் படத்திலும் யாரும் சாகவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். குரல் கம்மியிருந்தது, வாய் மட்டும் அதே வாய்.

"பேரன் போன்ல படம் போட்டுக் காட்டுறான். எடுத்த எடுப்புலயே சுட்டுத் தள்றாய்ங்கப்பு... நானும் எம்புட்டுத் தடவதான் கண்ண மூடுறது?"

சிரித்தோம். அவருக்கு இருமல் வந்துவிட்டது.

இன்று காலை போனபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். என்னால் முடியவில்லை. "இந்தா வந்துர்றேன்ம்மா" என்று அவர் மகள் மேரியிடம் சொல்லிவிட்டு வெளியே போய் எதிர் டீக்கடையில் நின்றேன்.

டீ அப்படியே கையில் ஆறிப்போயிருந்தது... மேரி ரோட்டைக் கடந்து என்னைத் தேடி வந்தாள். அவள் முகமே சொல்லிவிட்டது.

ஆனாலும் கேட்டேன். "என்னம்மா... பொழச்சுக்கிட்டாரா?"

கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் இந்தக் கதையை அண்ணனுக்குத் தெரியாமல் என்னிடம் கேட்டுக் கேட்டுச் சிரித்து வளர்ந்த பிள்ளை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொழச்சுக்கிட்டாரு சித்தப்பா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

நாளை அடக்கம். இந்தத் தடவை நான் கடைசி வரைக்கும் உள்ளேயே இருப்பேன்ண்ணே.

போயிட்டு வாங்க...