விரிசல் தெரிய வெள்ளையடிப்பவள்

நல்ல சுவரை உடைப்பதற்காகவே வெள்ளையடிக்கிற வேலை என்னுடையது. வேலூர்ப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேபில். இரும்புச் சட்டத்துக்குள்ளே கான்கிரீட் சுவர் வார்த்து, பக்கவாட்டில் ஜாக்கி வைத்துத் தள்ளி, எவ்வளவு தாங்குது என்று பார்ப்பார்கள். நாலு பேரைப் பார்த்தால் வாய் கட்டிப்போகிற என்னைப் போன்றவர்களுக்கு, சுவரோடு வேலை என்பது நிம்மதிதான்.

மூணு கோட்டிங்

முதல் நாள், வீட்டில் என் பாப்பா கிறுக்கின சுவருக்கு அடிப்பது போல மூணு கோட்டிங் கெட்டியாக அடித்தேன். பளிச்சென்று இருந்தது. ஜாக்கி தள்ளத் தள்ள உள்ளே சத்தம் கேட்குது, வெளியே ஒரு கோடு தெரியவில்லை. கடைசியில் சுண்ணாம்பு பாளம் பாளமாக விழுந்தது. லேப் பார்க்கிற அந்தோணி அண்ணன் திட்டவில்லை.

"வீட்ல அடிக்கிறது மறையறதுக்கும்மா. இங்க அடிக்கிறது விரிசல் தெரியறதுக்கு. தண்ணியா ஒரு கோட்டிங் போதும்."

வெறும் சட்டம்

ஒருநாள் சுவர் இல்லாத வெறும் சட்டத்தைத் தள்ளினார்கள். அவ்வளவு தடி இரும்பு, லேசாகத் தள்ளியதுமே சாய்ந்தது. சுவர் வைத்த சட்டமோ அதே தள்ளுக்கு அசைந்த மாதிரியே தெரியவில்லை. அண்ணன் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:

"இரும்பு தனியா நின்னா ஆடும். உள்ள மூலைக்கு மூலை கான்கிரீட் முட்டுக் குடுத்தாத்தான் கெட்டியா நிக்கும்."

விட்டுப்போன இடம்

ஆராய்ச்சி பண்ணுகிற ஷீபா மேடத்துக்கு அன்றைக்கு நான் அடித்ததுதான் கடைசிச் சுவர். வீணாய்ப் போனால் மறுபடி வார்த்து இறுக ஒரு மாசம் விடணும். அதற்குள் அவங்க கெடு முடிந்துவிடும். வெள்ளையடிக்கும்போது மேல் மூலையில், இரும்புக்கும் சுவருக்கும் நடுவே என் நகம் உள்ளே போனது. மாதனூரிலிருந்து ஷூ கம்பெனிக்குப் போன காலத்தில் சோல் ஒட்டாத ஓரத்தை இப்படித்தான் கண்டுபிடிப்பேன். முட்டே இல்லாமல் எப்படித் தாங்கும்?

சொல்லலாம் என்று திரும்பினால் சார்கள் ஐந்து பேர். அஞ்சாங்கிளாஸ் படித்தவள் என்னவென்று சொல்வது? அந்த ஒரு சாண் இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்காமல் விட்டு, வாளியோடு ஓரமாக நின்றுகொண்டேன். ஜாக்கியைப் போடச் சொல்லிவிட்டார் பெரிய சார். அப்புறம்தான் அவர், இன்னா இது இங்க மட்டும் விட்டுப் போச்சு என்று கிட்டே வந்து விரலை வைத்துப் பார்த்தார். ஜாக்கியை நிறுத்தச் சொன்னார்.

இடுக்கில் கலவை அடைத்து, அது நன்றாக இறுகின பிறகு தள்ளினார்கள். அவங்க நினைத்த அளவுக்குத் தாங்கி, அதுக்கப்புறம்தான் மூலைக்கு மூலை கோடு விழுந்தது. மேடம் வந்து என் சுண்ணாம்புக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோமதிக்கா, வாயால ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவ்வளவு தடி இரும்புக்கே நிற்க ஒரு முட்டு வேண்டியிருக்கிறது. நான் மட்டும் ஐந்து சார்கள் நடுவே தனியாக நின்று பேசணுமாம்.