வெள்ளையடிக்காத சதுரம்

நான் வெள்ளையடிக்கிறவன். தில்லிக்கு வந்ததிலிருந்து அதுதான் தொழில். தீபாவளிக்கு முன்னால் பஞ்சாபிக்காரர் வீடுகள், பொங்கலுக்கு முன்னால் கரோல் பாக்கில் நம்மவர்கள் குடியிருந்த வாடகை வீடுகள். ஏணியில் ஏறிவிட்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை. அந்தத் தொழில் எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பேச்சு அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது என்பாள் என் மனைவி.

நாங்கள் இருந்தது மேற்கு தில்லியில், ஒரு பெரிய சாக்கடையை ஒட்டிய ஜுக்கிகளில், அதாவது குடிசைகளில். எங்கள் சந்தில் பாதிப் பேர் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள். பெண்கள் பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போவார்கள், ஆண்கள் கிடைத்த வேலைக்குப் போவார்கள்.

ஒரு வருடம் சர்வேக்காரர்கள் வந்து ஒவ்வொரு வீட்டிலும் சிவப்பு எனாமலில் ஒரு நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். ஜுக்கிகளை இடிக்கும் நாள் வரும்போது, நம்பர் உள்ள வீட்டுக்கு வேறு இடத்தில் மனை உண்டு, இல்லாத வீட்டுக்கு இல்லை. பின்னால் வந்து சரிபார்த்துச் சீட்டு கொடுப்போம் என்றார்கள். எங்கள் சந்தில் கதவெல்லாம் தகரம். அதனால் சுவரில் எழுதினார்கள். எங்கள் வீடு நானூற்றுப் பதினேழு.

அதற்கப்புறம் அந்த நம்பருக்கு எங்கள் சந்தில் கிடைத்த மரியாதை சாமி படத்துக்குக்கூடக் கிடைக்கவில்லை. மழை வந்தால் பாலிதீன் கட்டினார்கள். பிள்ளைகள் பந்தடித்தால், "நம்பர் பக்கம் போவாத" என்று நாலு வீட்டிலிருந்து குரல் வரும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நம்பரைச் சுற்றி ஒரு சாண் விட்டுத்தான் அடிப்பது. சந்து முழுக்க நானே அடித்தேன். வெள்ளைச் சுவர், அதில் அழுக்காக ஒரு சதுரம், சதுரத்துக்குள் வெயிலில் மங்கிய நம்பர். எல்லா வீடும் அப்படித்தான் இருந்தது.

முன் வரிசையில் ஒருவர் மக்கிப்போன கதவை மாற்றினார். நம்பர் பழைய கதவோடு அடுப்புக்குப் போய்விட்டது. புதுக் கதவில் அவரே நம்பரை எழுதிவைத்தார். சரிபார்க்க வந்த அதிகாரி நகத்தால் அழுத்திப் பார்த்தார். புதுப் பெயின்ட் நகத்துக்கு இடம் கொடுத்தது. பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அவர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்துகொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு முன்னறை கொஞ்சம் பெரியது. ஜனக்புரியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு டீச்சரம்மா அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் அந்த வருடம் ஹோலி முடிந்த கையோடு கனடாவிலிருந்து பதினொரு பேரைக் கூட்டிவந்தார். எல்லாரும் பள்ளிக்கூடம் படிக்கிறவர்கள், பதினாறு பதினேழு வயது. தங்கள் விடுமுறையில் இரண்டு வாரம் எங்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்திருந்தார்கள். தலையில் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில். சந்தே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

அவர்களில் ஒரு பையன் ரொம்ப உயரம். உள்ளே நுழையும்போதெல்லாம் கூரைக் கட்டையில் இடித்துக்கொள்வான். பிள்ளைகள் ஒவ்வொரு இடிக்கும் "ஒன்!", "டூ!" என்று கத்துவார்கள். அவன் தலையைத் தேய்த்துக்கொண்டே சிரிப்பான். முதல் வாரத்திலேயே இருபத்துமூன்று வரை எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம்.

ஒரு பெண் தமிழ் பேசினாள். அப்பா அம்மா யாழ்ப்பாணத்துக்காரர்களாம், அவள் பிறந்தது கனடாவில். அவள் வாய் திறந்ததும் பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாடி இது, மலையாளமா?" என்று கேட்டாள். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "தமிழ்தான் அன்ரி. நீங்கள்தான் இந்தி கலந்து கதைக்கிறீங்கள்" என்றாள். சந்தே சிரித்தது.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. சுபாவம் என்னைப் போல. வகுப்பில் பேர் கேட்டாலே தலை குனிந்துவிடும். அந்தப் பெண் அவளைப் பேசு பேசு என்று வற்புறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு இந்தி எழுத்துக் காட்டித் தாறியா?" என்று நோட்டை நீட்டினாள். மகள் கா, கி, கீ என்று எழுதிக் காட்டினாள். மறுநாள் அந்தப் பெண் தப்பாக எழுதியதற்கு அவள் தலையிலேயே மகள் குட்டக்கூடச் செய்தாள். நான் உள்ளறையில் டீ குடித்துக்கொண்டே அதைக் கேட்டேன். மகளின் குரல் அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

இரண்டாம் சனிக்கிழமை அவர்கள் முன்னறைக்கு வர்ணம் அடிக்க ஆசைப்பட்டார்கள். நானே தண்ணீரில் கரைக்கிற டிஸ்டெம்பர் வாங்கி, வானநீலத்திலும் கொஞ்சம் மஞ்சளிலும் கலந்து, பிரஷ்களையும் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால் சந்தில் கூட்டம். டீச்சரம்மா வராத அன்று, பெரியவர்களெல்லாம் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அறைக்கு அடித்து மிஞ்சிய வர்ணத்தை அவர்கள் வெளிச்சுவருக்கும் அடித்திருந்தார்கள். நீலச் சுவர் முழுக்க மஞ்சள் சூரியகாந்திப் பூக்கள். கீழே இருந்த ஒரு பூவை என் மகள் வரைந்தாளாம். நான் விட்டுவைத்த சதுரம் இருந்த இடத்தில் மிகப் பெரிய பூ ஒன்று இருந்தது.

"வடிவா இருக்கோ அங்கிள்?" என்று அந்தப் பெண் கேட்டாள். "உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும் எண்டு செய்தனாங்கள்."

பதினொரு முகமும் என்னையே பார்த்தன. மூக்கில், முடியில், முழங்கையில் எல்லாம் நீலம். நம்பர் அந்தப் பெரிய பூவுக்கு அடியில். நான் சிரித்தேன். தலையும் ஆட்டினேன். என்னை நடுவில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போனபின் மனைவி வேலை முடிந்து வந்தாள்.

"இன்னாய்யா இது? நம்பர் எங்க?"

"உள்ளதான் இருக்கு."

"அவங்க அடிக்கறப்ப நீ எங்க போயிருந்த?"

"நான் வர்றதுக்குள்ள முடிச்சிட்டாங்க."

"வந்தப்புறம் சொன்னியா?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"சிரிச்சிருப்ப. எவன் கால மிதிச்சாலும் சிரிக்கிற ஆளுதான நீ. வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"டிஸ்டெம்பர்தான. ஈரத்துணியால தொடச்சா வந்துரும். புதன்கிழமை ஊருக்குப் போறாங்க. போனதும் தொடச்சிக்கலாம். பாவம், ஆசையா செஞ்சிருக்காங்க."

"நாம பாவம் இல்லையா?"

அவள் கேட்டது நியாயம். டிஸ்டெம்பர் நாளாக ஆக இறுகும் என்பதும் எனக்குத் தெரியும். அதைவிட ஒரு பயம் இருந்தது. அந்த நம்பர் சுண்ணாம்பின் மேல் எழுதியது. அழுத்தித் துடைத்தால் சுண்ணாம்பு பெயர்ந்து, நம்பரும் சேர்ந்து வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நானூற்றுப் பதினாறாம் வீட்டுக்காரன் வந்தான். "சர்வே ஆபீசர் நாளைக்கு நம்ம சந்துக்கு வர்றாராம்ணே. நீயே பெயின்ட்காரன்தான? ஒரு டப்பா செவப்பு வாங்கி மேலயே எழுதிட வேண்டியதுதான?"

"நகம் வெச்சிப் பாப்பாங்க" என்றேன். முன் வரிசைக் கதவு அவனுக்கும் ஞாபகம் வந்திருக்கும், போய்விட்டான்.

திங்கட்கிழமை விடிந்ததும் வாளியில் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டு சுவரின் முன்னால் நின்றேன். மகள் வாசற்படியில் நின்று என்னையே பார்த்தாள். கை எழவில்லை. அப்படியே எவ்வளவு நேரம் நின்றேனோ, கனடாப் பிள்ளைகள் வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

"என்ன அங்கிள் செய்யிறீங்கள்?"

துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மனைவி கதவருகில் வந்து நின்றாள். அவள் பேசிவிடுவாள் என்று நினைத்தேன். பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்குள்ள எங்க வீட்டு நம்பர் இருக்கும்மா" என்றேன். "அது இருந்தாத்தான் எங்களுக்கு வேற எடம் குடுப்பாங்க. இன்னிக்குப் பாக்க வர்றாங்க."

அந்தப் பெண் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள். அடுத்த வீட்டை, அதற்கடுத்த வீட்டைப் பார்த்தாள். வெள்ளையடிக்காத சதுரங்கள் வரிசையாக இருந்தன. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த இடம் மட்டும் நீங்கள் அடிக்க மறந்துபோனீங்கள் எண்டு நினைச்சம் அங்கிள். அதுதான் அங்க பெரிய பூ கீறினது. ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"சொல்ல வரல" என்றேன்.

அவள் திரும்பி மற்றவர்களிடம் இங்கிலீஷில் சொன்னாள். பிறகு அந்த உயரமான பையன் தோள் பையை இறக்கிவைத்து, கழுத்தில் கிடந்த துண்டை வாளியில் முக்கி, பெரிய பூவின் நடுவில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினான்.

"டேய்! மெதுவா!" என்று கத்தினேன்.

சந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் நிறுத்த முடியவில்லை. "தேய்க்காத! ஒத்தி எடு! துணியப் பிழி, தண்ணி ஒழுகக் கூடாது! நீ தள்ளு, நீ சுத்தத் தண்ணி கொண்டா!" அந்தப் பெண் ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் திருப்பிக் கத்தினாள். பதினொரு பேரும் முறை வைத்து ஒத்தி எடுத்தார்கள். மஞ்சளும் நீலமும் பச்சையாகி மணிக்கட்டில் ஒழுகியது. என் மகளும் ஒரு துணியோடு வந்து நடுவில் புகுந்துகொண்டாள்.

முதலில் நான்கு தெரிந்தது. பிறகு ஒன்று. ஏழு வரும்போது சுண்ணாம்பு கையகலம் பெயர்ந்து விழுந்தது. ஏழின் தலை மட்டும் மிஞ்சியது. "போதும்" என்றேன்.

அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். கையில் பெரிய ரிஜிஸ்டர். ஈரச் சுவரையும் அரை ஏழையும் பார்த்துவிட்டு, இதன்மேல் வர்ணம் அடித்தது யார் என்று இந்தியில் கேட்டார்.

"மைனே, சாப்" என்றேன். நான்தான்.

அவர் என்னைப் பார்த்தார். அன்று வேலைக்குப் போகாததால் என் கைகள் சுத்தமாக இருந்தன. எனக்குப் பின்னால் முழங்கை வரை நீலமாகப் பதினொரு கனடாப் பிள்ளைகள் நின்றார்கள், தமிழ் பேசும் அந்தப் பெண்ணையும் சேர்த்து. அவர் மீசை ஆடியது. ஆனால் சிரிக்கவில்லை. நம்பர் புதிதாக எழுதியது போலத் தெரிகிறதே என்றார்.

அதுவரை எந்த அதிகாரியிடமும் நான் ஒரு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. அன்று எனக்குத் தெரிந்த இந்தியில், இது பழைய எனாமல் சாப், கல்லாக இறுகியிருக்கிறது, நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழாது, எனக்கு இதுதான் தொழில் என்று சொன்னேன். அவர் நான்கின் மேல் நகத்தை வைத்து அழுத்தினார். ஒன்றின் மேலும் அழுத்தினார். தடம் விழவில்லை. மனைவி பொறுக்கமாட்டாமல், "அந்தப் பக்கம் பதினாறு, இந்தப் பக்கம் பதினெட்டு, நடுவுல வேற இன்னா வரும்?" என்று தமிழிலேயே அவரிடம் கேட்டாள். அவருக்கு என்ன புரிந்ததோ, இரண்டு பக்கமும் பார்த்தார். பெயின்டராக இருந்துகொண்டு நம்பர் மேலேயே அடித்திருக்கிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா என்று திட்டிக்கொண்டே ரிஜிஸ்டரில் எழுதினார். ஒரு சீட்டைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

"என்ன எழுதியிருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள். அழுதிருந்தாள். கண்ணைத் துடைத்த இடமெல்லாம் நீலம்.

எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். மனைவிக்கு எதுவும் வராது. அந்தப் பெண் கற்றுக்கொண்ட இந்தி இன்னும் கீயைத் தாண்டவில்லை. சீட்டை மகளிடம் கொடுத்தேன். அவள் அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தாள். ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை. சீட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு முதலில் இந்தியில் படித்தாள், பிறகு தமிழில் சொன்னாள்.

"வீட்டு நம்பர் நானூத்திப் பதினேழு. வீட்டுல மூணு பேரு. சரிபார்த்தாச்சு. எடம் உண்டு."

"இன்னொரு தபா படிடி" என்றாள் மனைவி.

மகள் படித்தாள். அந்தப் பெண் அதை இங்கிலீஷில் சொன்னாள். உயரமான பையன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாவது தடவை படிக்கச் சொன்னது நான்.