பருத்திப்பட்டு மனையும் விமானப் படிப்பும்

எனக்கு எழுபத்துமூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டி இரண்டு மகன்களை வளர்த்து ஆளாக்கினேன்.

பேத்தியை விமானம் பழுதுபார்க்கும் படிப்பில் சேர்க்க, பருத்திப்பட்டில் நான் வாங்கிப் போட்ட மனையை விற்கச் சொன்னான் மூத்தவன். இளையவன் அதே படிப்பை முடித்துவிட்டு ஏர்போர்ட்டில் பெட்டி தூக்குகிறவன்.

"பட்டம் மட்டும்தாண்ணா கைக்கு வரும். லைசென்ஸ் இல்லன்னா பிளேன தொடவே உட மாட்டானுங்க" என்றான்.

"நீ பெட்டி தூக்குனா என் பொண்ணும் தூக்கணுமாடா, வயித்தெரிச்சல் புட்ச்சவனே!"

மூத்தவன் அறைந்தான். இளையவன் சுவரில் மாட்டியிருந்த தன் பட்டத்தைப் பிடுங்கி அண்ணன் மண்டையில் அடித்தான். கண்ணாடி நொறுங்கி, ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. மூத்தவன் அப்படியே பாய்ந்து தம்பியின் கழுத்தை நெரித்தான். இளையவனுக்குக் கண் செருகியது.

நான் பேத்தியின் கிரிக்கெட் மட்டையை எடுத்து மூத்தவனின் முழங்கையில் ஓங்கிப் போட்டேன். பிடி விட்டது.

அழுதுகொண்டிருந்த பேத்தியிடம், "உனக்கு இன்னாடி வேணும்?" என்றேன்.

"பிளேன் ரிப்பேர் பண்ணணும் ஆயா."

"மனை என்னுது. லைசென்ஸுக்குப் படிக்கிற எடம் எதுன்னு சித்தப்பன கூட்டிக்கினு போய் விசாரிச்சுட்டு வா. அப்பதான் விப்பேன்."

நான் சொல்லச் சொல்ல நீ இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டு, கண்ணு. உன் அப்பனை நான் அடித்த இடத்தில் குரலைத் தாழ்த்தாதே.