குடை இருந்தும் நனைந்தவர்கள்

சுவாங் மாதிரி ஓர் அசட்டு மனிதரை ஷாங்காய் முழுக்கச் சல்லடை போட்டாலும் பார்க்க முடியாது. வேலையில் இருந்த காலம் முழுக்கப் பேருந்து ஓட்டினார். யாராவது மூச்சிரைக்க ஓடி வந்தால் நிறுத்தம் தாண்டியும் நிறுத்திவிடுவார். அதற்கு மேலதிகாரியிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. மனைவி போன பிறகு மகள் வென்யாவைத் தனியாகவே வளர்த்தார். அவளுக்கு வரன் தேடித்தான் சனிக்கிழமை தவறாமல் பூங்காவுக்கு வருவார்.

சனிக்கிழமையானால் அங்கே எங்களைப் போன்ற பெற்றோர் கூட்டம்தான். குடையை விரித்துத் தரையில் வைத்து, பிள்ளையின் விவரத் தாளை அதன்மேல் குத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். பிள்ளைகள் எட்டிப் பார்க்க மாட்டார்கள், மானம் போய்விடுமாம். என் மகன் லெய்யின் குடையில் உத்தியோகம், சொந்த வீடு, உயரம், ‘அம்மா சொல் தட்டாதவன்’, என் தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். அடுத்த குடை சுவாங்கினுடையது. அதில் எழுதியிருந்தது: ‘சத்தமாகச் சிரிப்பாள். சமைக்கத் தெரியாது. ஒரு நண்டு தின்ன ஒரு மணி நேரம் ஆகும். கூட உட்காரப் பொறுமை வேண்டும்.’

“ஏன் அண்ணே, மாப்பிள்ளை தேடுறீங்களா, வர்றவனை விரட்டுறீங்களா?” என்று கேட்டேன்.

“உள்ளதைத்தானே எழுதினேன், லான்? நாளைக்கு ஏமாத்திட்டீங்கன்னு ஒருத்தன் கேட்டுறக் கூடாது பாரு.”

அந்த இலையுதிர்காலச் சனிக்கிழமை மனிதர் முகம் தொங்கிப்போய் வந்தார். நான் நீட்டிய வறுத்த கஷ்கொட்டையைக்கூடத் தொடவில்லை.

“வென்யாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு ஒரு நாள்தானாம். மறுபடி அவ பேரு குடையில ஏறினா, குவாங்சோவுக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிருவாளாம். அங்க அவளுக்கு யாரு இருக்கா? எனக்குத்தான் இங்க யாரு இருக்கா?”

அவர் குடையை நாலு பேர் கண்ணில் படும்படி கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

சாயங்காலம் வரை அவர் குடைப் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை. அப்புறம் கொட்டியதே ஒரு மழை! எங்கள் கூட்டம் செய்த காரியத்தைக் கேளுங்கள். தாள் நனைந்துவிடும் என்று அத்தனை பேரும் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் ஓடினோம். சுவாங்கும் நானும்தான்.

வீட்டில் உலர்த்தலாம் என்று விரித்தால், குடையில் லெய் இல்லை, வென்யா! இரண்டுமே தெருமுனைக் கடையில் இலவசமாகக் கொடுத்த நீலக் குடைகள். நான் போட்ட கூச்சலில் லெய் எழுந்து வந்தான். நான் கொண்டுவந்த எந்தப் பெண்ணின் தாளையும் ஏறெடுத்துப் பார்க்காதவன், நின்று படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்போது தொலைபேசி அடித்தது. பெண் குரல்.

“ஆன்ட்டி, நான் சுவாங் மக வென்யா. எங்கப்பா எழுதினதைக் கிழிச்சுப் போடலாம்னு குடையை விரிச்சேன். பாத்தா உங்க மகன் சொட்டச் சொட்ட நிக்கிறாரு. இந்த வயசுலயுமா அம்மா சொல் தட்ட மாட்டாரு?”

அடுத்து வந்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. சுவாங் பொய்யே எழுதவில்லை.

“போனைக் குடும்மா,” என்றான் லெய். “தாராளமா தட்டுவேன்னு சொல்லணும்.”

குடை மாற்றிக்கொள்ள மறுநாள் அவர்களே பூங்காவில் சந்திப்பதாக ஏற்பாடு. நாங்கள் வரக் கூடாதாம். மதியம் போனவன் இருட்டிய பிறகுதான் திரும்பினான். கையில் அதே குடை. சட்டையெல்லாம் நண்டு வாசனை.

“மாத்தலையாடா?”

“மறந்துட்டோம்மா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

சுவாங் உடனே கூப்பிட்டார். “லான்! உன் குடை திரும்ப எங்க வீட்டுக்கே வந்திருச்சு! குவாங்சோ பேச்சையே காணோம்!” என்று காது கிழியக் கத்தினார்.

அடுத்த சனிக்கிழமை பழக்க தோஷத்தில் சுவாங்கும் நானும் பூங்காவுக்குப் போய்விட்டோம். தூறல் போட்டது. கஷ்கொட்டை தின்றபடி நனைந்துகொண்டிருந்தோம்.

“என்ன சுவாங், குடை எங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

“பிள்ளைங்ககிட்ட இருக்கு,” என்றார் அவர், பூங்காவுக்கே கேட்கும்படி.