கொக்கோவில் பிறந்த கசப்பு

மருந்து கலக்கிற தொழிலில் டாக்டரின் கையெழுத்தை வாசிப்பது பாதி வேலை. கலந்த கசப்பை இன்னொருவர் தொண்டைக்குள் இறக்குவது மீதிப் பாதி. தராசும் அளவுக் குவளையும் பிடித்துக் காலம் தள்ளிய நண்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புளியந்தீவில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் நான் மருந்து கலந்தேன். அங்கே என்னை அதிகம் படுத்தியது ஒரு வெள்ளைத் தூள்.

பெயரைப் பார்த்து ஏமாந்தது

கொழும்பிலிருந்து வந்த போத்தலில் 'தியோபுரோமின்' என்று எழுதியிருந்தது. நரம்பை அடக்கித் தூங்கவைக்கும் புரோமைட் உப்பு எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. இதுவும் அதற்குச் சொந்தம் என்று நினைத்து அதே தட்டில் வைத்துவிட்டேன். டாக்டர் கண்டுவிட்டார். இதில் புரோமின் மருந்துக்கும் இல்லை என்றார். கொக்கோ மரத்தின் தாவரப் பெயரிலிருந்து வந்த பேராம். கிரேக்கத்தில் தேவர்களின் உணவு என்று பொருளாம்.

சொக்கலேட்டில் இருப்பது இதுதான். தேத்தண்ணியில் உள்ள கஃபீனுக்கு உடன்பிறப்பு. மெத்தைல் என்ற அணுக்கூட்டம் கஃபீனில் மூன்று, இதில் இரண்டு. அந்த ஒன்று குறைவதில் குணமே மாறிவிடுகிறது. மூளையை அவ்வளவாக உசுப்பாது. இரத்தக் குழாயைத் தளர்த்தும், சிறுநீரைப் பெருக்கும். இதயம் களைத்துக் கால்களில் நீர் கோர்த்தவர்களுக்கு அதனால்தான் கொடுத்தோம். துளித் தூளை நாக்கில் வைத்து நான் முகம் சுளித்ததைப் பார்த்து டாக்டர் சொன்னார்: "தேவர்கள் சீனி போட்டுத்தான் சாப்பிட்டிருப்பாங்க."

நடு வாவியில்

மண்டூரிலிருந்து ஒரு போடியார், நிறைய வயல் உள்ளவர், இரண்டு கால்களும் வீங்கித் தோணியில் வந்தார். விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது. வரம்பில் நடக்க முடியாமல் ஒரு போகம் முழுக்க வட்டை என்கிற வயல்வெளிப் பக்கமே போகவில்லையாம். "விளைஞ்ச வயலப் பாக்காமலே போயிருவனோ?" என்று கேட்டார். முதல் வேளை மருந்தை எங்கள் முன்னாலேயே குடித்துவிட்டுத் தோணி ஏறினார். அது சிறுநீரைப் பெருக்கும் என்று சொல்ல நான் மறந்துபோனேன்.

வாவி வழியே மண்டூர் போய்ச்சேர அரை நாள். கண்ட கரையிலெல்லாம் தோணியை ஒதுக்கினார்களாம். பிறகு ஒதுக்கக் கரையும் இல்லாமல் போனதாம். அடுத்த கிழமை போடியார் தடி இல்லாமல் படியேறினார். கணுக்கால் எலும்பு தெரிந்தது. வயல்வரை நடந்துபோய்க் கதிரைத் தொட்டுப் பார்த்தேன் என்று சிரித்தார். பின்னால் வந்த தோணிக்காரருக்குத்தான் முகம் சரியில்லை. "ஐயா, போடியார்ர கால் வத்துறது நல்லந்தான். ஆனா வாவி பெருகுதே!"

ஓவசியரும் கறுப்பியும்

ரோட்டு வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவருக்கும் இதே மருந்துதான். அது கொக்கோவிலிருந்து வருவது என்று தெரிந்ததும் மருந்தை நிறுத்தி, ஒரு பெட்டி கறுப்புச் சொக்கலேட் வரவழைத்தார். அதை அவர் தொடுமுன்னே அவருடைய நாய் கறுப்பி தின்று தீர்த்துவிட்டது. நாயின் உடம்பு தியோபுரோமினை மெல்லத்தான் கழிக்கும். அதற்குள் இதயம் படபடத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். நடுங்குகிற நாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓவசியர் ஓடிவந்தார். டாக்டர் அதை வாந்தி எடுக்கவைத்தார். பின்னேரம் அது எழுந்து தண்ணீர் குடித்தது. ஓவசியர் கண்ணைத் துடைத்தார். "இனி உங்கட கசப்பையே குடிக்கிறன். அத இவள் தொடமாட்டாள்."

நின்றுபோன தறி

காத்தான்குடி சுலைஹா உம்மா கைத்தறி நெய்கிறவர். கால் வீங்கி மிதிகட்டையை மிதிக்க முடியாமல் தறி நின்றுபோயிருந்தது. இரண்டு கிழமை மருந்து குடித்தும் வீக்கம் இம்மியும் குறையவில்லை. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "நீர் அளவில பிழை விட்டீரா?"

வேலை போனால் போகட்டும், அந்த மனுசி என் கையால் சாகக்கூடாதே! அடுத்த முறை தூளை மூன்று தரம் நிறுத்தேன். மருந்து நிரப்ப அவர் நீட்டிய பழைய போத்தலைக் கழுவப் போனபோதுதான் கண்டேன், அடியில் வெள்ளையாக மண்டி.

"இதுக்குள்ள என்ன போட்டீங்க, உம்மா?"

"கசப்புக்குத் தேசிக்காய் பிழிஞ்சு விடுவன், மகன். மேலால தெளிவா ஊத்திக் குடிப்பன்."

தியோபுரோமின் தனியாகத் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. சோடியம் சலிசிலேட் என்ற உப்போடு சேர்த்தால்தான் கரையும். எலுமிச்சைப் புளி பட்டால் அந்த உறவு முறிந்து தூள் அடியில் படிந்துவிடும். டாக்டருக்கும் உம்மாவுக்கும் முன்னால் புது மருந்தில் தேசிக்காய்ச் சாறு விட்டுக் காட்டினேன், பால்போலத் திரண்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். என்னைச் சந்தேகித்ததற்கு அவர் கேட்ட மன்னிப்பு அதுதான்.

ஒரு மாதம் கழித்து உம்மா சந்தியிலிருந்து தானாகவே நடந்து வந்தார். மூச்சு வாங்கவில்லை. "தறி ஓடுது, மகன். மருந்தும் கசக்குது. ரெண்டையும் நிப்பாட்டிராதீங்க."

நோயாளி நம்மைக் குறை சொல்லவாவது சொந்தக் காலில் நடந்து வந்துவிட்டால், கலந்த மருந்து சரிதான் என்று நாம் எடுத்துக்கொள்ளலாம்.