ஈயத்தாள் வைத்த முனை

கினிகத்தேனைக் கடைவீதியிலிருந்து வலப்பனை வரைக்கும் எத்தனையோ கட்டடத்துக்குள் என் கை இழுத்த வயர்தான் ஓடுகிறது. நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை, கொழுந்து சாக்கு தூக்கப் போனதில் பாதியோடு நின்றது. ஆனால் பட்டம் வாங்கிய இன்ஜினியர் ஐயாமாரே என்னிடம் வந்து, நீங்கள் வயரில் போட்ட முனை மட்டும் எப்படிச் சுடுவதே இல்லை என்று கேட்டிருக்கிறார்கள். கைராசி என்று சொல்லிச் சிரித்து அனுப்பிவிடுவேன். அது பொய். சுடாத முனை போடுகிற பழக்கம் எனக்கு வந்த விதத்தை இதுவரை வெளியில் சொன்னதில்லை.

இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டம். அறுபதாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னே. தேயிலை ஃபெக்டரி இன்ஜின் ரூமில் எனக்கு எண்ணெய் விடுகிற வேலை. அப்பா அம்மா இல்லை. அக்கா வீட்டில்தான், அதாவது அக்காவும் மச்சானும் இருந்த லயக் காம்பராவில், தோட்டம் கொடுத்த வரிசை வீட்டின் ஒற்றை அறையில்தான், எனக்கும் ஒரு மூலை. மச்சான் ஃபெக்டரி லொறியில் கிளீனர். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, சார்ஜ் ஏற்றி வைப்பதும் அவர் பொறுப்பு. லொறி டிரைவர் அடுத்த வருஷம் விலகப் போகிறார், அந்த இடம் உனக்குத்தான் என்று ஃபெக்டரியை நடத்துகிற டீமேக்கர் ஐயா மச்சானிடம் வாயாலேயே சொல்லியிருந்தார். அக்கா அதைத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் சொல்லிச் சொல்லி, லயத்தில் ஒரு குழந்தை பாக்கியில்லாமல் தெரிந்துபோயிற்று. காக்கிச் சட்டைக்குத் துணிகூட வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தது.

அந்தச் சமயம் ஃபெக்டரிக்குப் புது டைனமோ பூட்டக் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள பாஸ், அதாவது மேஸ்திரி, வந்தார். வயர் நுனியில் மாட்டும் செப்புத் தொப்பியை நாங்கள் முனை என்போம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முனைக்குள் ஈயத்தை உருக்கி ஊற்றி வயரைப் பிடிக்க வைப்பதுதான். அந்த பாஸ் நெருப்பே மூட்டவில்லை. வயரின் மேல்தோலை அளந்து சீவினார். உள்ளே இருந்த செப்புக் கம்பிகளில் ஒன்றுகூட அறுபடவில்லை. கம்பிகளைப் பளிச்சென்று தேய்த்தார். முனைக்குள் விட்டார், இறுக்கமாகப் போயிற்று. நீளக் கைப்பிடி வைத்த ஒரு குறட்டால் இரண்டு இடத்தில் நசுக்கினார். முடிந்தது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து ஒவ்வொரு முனையையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

நான் பக்கத்தில் நின்று பார்த்தது இரண்டு நாள். நசுக்குவது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. அளந்ததும் தேய்த்ததும் தொட்டதும் வெள்ளைக்காரக் கம்பெனி ஆட்களின் நடிப்பு என்று நினைத்தேன். இதற்குப் போய்க் கொழும்பிலிருந்து ஆள் வரணுமா என்று மச்சானிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

மாரியம்மன் திருவிழா வந்தது. வருஷா வருஷம் கோயிலில் கேஸ் விளக்குத்தான். இந்த வருஷம் கரண்ட் விளக்கு என்று நான் கோயில் கமிட்டியில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். வாய்ச்சவடால் இல்லை, செய்தேன். கோயிலுக்குக் கீழே ஓடுகிற ஆற்றில் பலகைச் சக்கரம் போட்டு, பழைய லொறி டைனமோவைப் பெல்ட்டில் பூட்டினேன். அது சுற்றினால் பேட்டரி ஏறும், பேட்டரியிலிருந்து பன்னிரண்டு லொறி பல்ப் எரியும். குறை என்னவென்றால் பேட்டரி இல்லை. மச்சான் டீமேக்கர் ஐயாவிடம் போய்க் கேட்டார். லொறியின் மாற்று பேட்டரியை மூன்று நாளைக்குக் கொண்டுபோ, போனபடியே திரும்பி வரணும், நீதான் பொறுப்பு என்று ஐயா சொன்னாராம்.

பக்கத்துக் கடைவீதியில் இரண்டு முனை வாங்கினேன். என் வயருக்கு அவை பெரிசு. துவாரத்துக்குள் வயர் லொட லொடவென்று ஆடியது. சரியான அளவுக்கு நுவரெலியா போகணும், ஒரு நாள் போய்விடும், திருவிழாவோ நாளைக்கு. அப்போதுதான் எனக்கு அந்த மூளை வேலை செய்தது. தேயிலைப் பெட்டிக்குள் சுற்றி வைப்பார்களே, அந்த ஈயத்தாள். பெக்கிங் ரூமில் கிடந்த ஒரு துண்டை மடித்து வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு வந்தேன். வயரில் நாலு சுற்றுச் சுற்றினேன். முனைக்குள் கச்சிதமாக இறங்கியது. லொறி ஸ்பிரிங் துண்டை அடியில் வைத்து, உளியின் மழுங்கின பக்கத்தால் சுத்தியல் போட்டு நசுக்கினேன். வயரில் தொங்கிப் பார்த்தேன். என் பாரத்துக்கும் கழன்று வரவில்லை. கொழும்பு பாஸ் இந்த ஈயத்தாள் யோசனையைக் கேட்டால் தொப்பியைக் கழற்றுவார் என்று எனக்குள் ஒரே பூரிப்பு. ஈயம் மெத்தென்று இளகும், சூடேறினால் ஒதுங்கிக்கொள்ளும், வயர் தளரும் என்பதெல்லாம் பிறகு நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

சாயந்திரம் பூசை மணி அடிக்கவும் விளக்கைப் போட்டேன். பன்னிரண்டு பல்பும் ஒரே நேரத்தில் எரிந்தன. பெண்கள் குலவை போட்டார்கள். கமிட்டித் தலைவர் என் தோளில் மாலையைப் போட்டார். அக்கா அழுதது. நான் பேட்டரிப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை, மாலையோடு கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மச்சான்தான் பேட்டரி பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் போனதும் வெளிச்சம் மஞ்சளடித்தது. யாரோ, என்னப்பா அம்மனுக்கு மஞ்சள் காப்பா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆற்றில் தண்ணீர் குறைவு என்று நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு சத்தம். வேட்டு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தளர்ந்த முனை நெருப்புப் பொறி விட்டிருக்கிறது. சார்ஜ் ஏறும் பேட்டரி விடுகிற வாயு அதில் பற்றி, பேட்டரியின் மேல்மூடி பிளந்து போயிருந்தது. விளக்கு பூராவும் அணைந்தது. நான் ஓடிப் போனபோது மச்சான் வேட்டியெல்லாம் ஓட்டை, கெண்டைக்காலில் அசிட் பட்டு வெந்திருந்தது. அவரைத் தாங்கிப் பிடிக்கவில்லை நான். முதலில் முனையைத்தான் பார்த்தேன். கறுத்துக் கிடந்தது. வயரோடு அறுத்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்ததும் டீமேக்கர் ஐயா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசைமேல் பிளந்த பேட்டரி இருந்தது. ஐயா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். வயர் வேலை நான்தானே செய்தது, எதனால் வெடித்தது என்று. மடிக்குள் அந்த முனை என் வயிற்றில் குத்திக்கொண்டிருந்தது. மச்சான் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பேட்டரியில கோளாறுங்க ஐயா. சார்ஜ் கூடிப்போயிருக்கும்," என்றேன்.

பேட்டரி மச்சான் பொறுப்பு. அவ்வளவுதான். ஐயா அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாளே ஃபெக்டரியிலிருந்து அவரை எடுத்து மலையில் மழைத் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டப் போட்டார்கள். அடுத்த வருஷம் டிரைவர் இடத்துக்கு வேறு தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. காக்கித் துணியை அக்கா எனக்குச் சட்டையாகத் தைத்துக் கொடுத்தது. என்னை இன்ஜின் ரூமில் மேலே தூக்கிவிட்டிருந்தார்கள், எனக்குத்தான் காக்கி வேணும் என்று. நான் அதைப் போட்டேன். ஒரு நாளாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. காலையில் ஒரே கூரையிலிருந்து இரண்டு பேரும் இறங்குவோம். அவர் தோளில் மம்பட்டியோடு மேலே ஏறுவார், நான் காக்கிச் சட்டையோடு ஃபெக்டரிக்கு இறங்குவேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கோயில் கமிட்டி திரும்பவும் விளக்குக் கேட்டது. இந்தத் தடவை நான் சும்மா இறங்கவில்லை. நுவரெலியாவுக்கு இரண்டு முறை போய், வயர் அளவுக்கே முனை வாங்கினேன். கொழும்பு பாஸுக்கு ஆளைப் பிடித்துச் சொல்லி, அந்த நீளக் குறட்டை இரவல் வாங்கினேன். கம்பி அறாமல் சீவி, தேய்த்து, நசுக்கினேன். பேட்டரியைக் காற்றாட வைத்தேன். திருவிழாவுக்கு முதல் நாள் மத்தியானமே பன்னிரண்டு பல்பையும் எரியவிட்டு உட்கார்ந்திருந்தேன். கான் வேலை முடித்து, முழங்கால் வரை சேற்றோடு மச்சான் வந்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நான் கேட்காமலே குனிந்து, புறங்கையால் முனையைத் தொட்டார்.

"சுடல," என்றார். நிமிர்ந்து, "இந்தத் தடவ ஈயத்தாள் வைக்கலயா மாப்ள?" என்றார்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேனா, வாயை மட்டும் அசைத்தேனா, ஞாபகமில்லை. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வெடித்த அன்றைக்கு ஈயத்தாள் பாதி உருகி பேட்டரியின் தலையில் ஒட்டிக் கிடந்ததாம். பேட்டரியை ஃபெக்டரிக்குத் தூக்கிப் போகும் வழியில் கத்தியால் சுரண்டி ஆற்றில் போட்டாராம்.

"பெக்கிங் ரூம் சாமான்ல. ஐயா கண்ணுல பட்டிருந்தா களவுன்னுருப்பாரு. ஒனக்குப் பத்துச்சீட்டு. ஒன்னய வச்சிருந்ததுக்கு எங்களுக்கும் பத்துச்சீட்டு. காம்பராவ விட்டுட்டு அக்காவக் கூட்டிக்கிட்டு எங்க போறது? கான் வெட்டுனா காம்பரா நிக்கும்ல."

வேலையை விட்டு நிறுத்திக் கையில் கொடுக்கிற சீட்டு அது. ஈயத்தாளை எடுத்தபோதும் சரி, டீமேக்கர் முன்னால் நின்றபோதும் சரி, அது என் நினைப்பில் வரவே இல்லை. என் பெயர் கெடக்கூடாது, கரண்ட் வேலை தெரிந்தவன் என்ற பேச்சுப் போய்விடக்கூடாது. அது ஒன்றைத்தான் நான் காப்பாற்றினேன். அவர் ஒரு வீட்டையே காப்பாற்றினார், அதையும் என்னிடம் சொல்லிக் காட்டவில்லை.

திருவிழா நன்றாக நடந்தது. மூன்று நாளும் ஒரு பல்ப் மங்கவில்லை. மாலை போட்டார்கள், போட்டுக்கொண்டேன்.

நாலாம் நாள் காலையில் டீமேக்கர் ஐயாவிடம் சொல்லிவிடுவதென்று போனேன். களவு என்று சொல்ல வேண்டாம், முனை போட்டதில் தப்பு என்று மட்டும் சொன்னால் போதும், மச்சானைத் திரும்ப ஃபெக்டரிக்கு எடுப்பார் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஐயா கொழுந்து வாடுகிற மாடியிலிருந்து இறங்கி வந்தார். கோயில் விளக்கு நல்லா இருந்துச்சு, கெட்டிக்காரன் என்றார். என்ன வேணும் என்று கேட்டார்.

"அரை நாள் லீவு வேணுங்க ஐயா," என்றேன்.

கொடுத்தார். லீவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கால் தானாக மலைக்கு ஏறியது. மச்சான் ஒரு கானுக்குள் இறங்கி நின்று மண்ணை வாரிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இத்தனை முழம் என்று கணக்கு, அதில் பாதிகூட ஆகவில்லை. வேலைக்குப் போகலையா என்றார். லீவு என்றேன். உள்ளே இறங்கி மம்பட்டியைக் கேட்டேன். அவர் கொடுக்கவில்லை.

"விடு மாப்ள. வயர் புடிக்கிற கை. கொப்புளம் போட்டா வேல கெட்டுப்போயிரும்."

குத்திச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கான் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் வெட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் கங்காணி வந்து, ஃபெக்டரி ஆளுக்கு மலையில் என்ன வேலை என்று என்னைக் கேட்டார். மச்சான் நிமிராமலே பதில் சொன்னார்.

"வீட்டுல சோறு குடுத்துவிட்டுச்சுங்க. கொண்டாந்தாரு."

கங்காணி என் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.